முருகேசன் ஊட்டுல இருந்து

"கை தட்டுனது எங்க ஊட்டுக்காரருக்குத்தான், எனக்கில்ல" என்றார் முன் சீட்டில் இருந்த அம்மா.

ராசிபுரம் பஸ். பல்கலைக்கழக வாசலில் இரண்டு பெண்கள் ஏறியிருந்தார்கள். உள்ளே நடந்த மகளிர் கூட்டத்துக்கு வந்த சுயஉதவிக் குழுக்காரர்கள்.

"ஏனுங்க்கா, நீங்கதான மைக்கப் புடிச்சீங்க?" என்றாள் இளையவள்.

"எந்திரிச்சதும் எல்லாம் மறந்துபோச்சு சாமி. பேரு சொல்லுங்கன்னு கூட்டம் நடத்துன புள்ள கேட்டா, தறிக்காரர் முருகேசன் ஊட்டுல இருந்து வாரேன்னு சொல்லிப்போட்டேன். அதுக்கு மேல வாய் வரல. உக்காந்துட்டேன்."

"அண்ணன் ஊட்டுல தூங்கிக்கிட்டே கைதட்டு வாங்கிட்டாரு."

இருவரும் சிரித்தார்கள். அந்த அம்மா சீக்கிரமே நிறுத்திவிட்டார்.

"அங்க படிக்கற புள்ளைக அவங்கவங்க பேரச் சொல்லி, இன்னது படிக்கறேன்னு சொல்லுச்சுக. கேக்கவே நல்லா இருந்துச்சு."

"நீங்க என்ன சொல்லோணும்னு இருந்தீங்க?"

"பத்தாவதோட நிறுத்திட்டாங்க, இப்பவும் படிக்க ஆசையா இருக்குதுன்னு. தறிச் சத்தத்துல தெனமும் சொல்லிப் பாத்தேன்."

"அடுத்த வருசம் சொல்லுங்க்கா."

"அடுத்த வருசம் வேற ஊர்க் குழுவக் கூப்புடறாங்களாமா."

இளையவள் மல்லூரில் இறங்கினாள். ஜன்னலுக்குக் கீழே நின்று, "வாரனுங்க, முருகேசன் ஊட்டம்மா" என்று கேலி செய்தாள்.

பஸ் கிளம்பியது. அந்த அம்மா எதிரில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னார்.

"எம் பேரு பூங்கொடிங்க. எனக்குப் படிக்க ஆசைங்க."

பக்கத்து இடம் காலியாக இருந்தது.