தெரியாதவங்களோட தங்கணுமாம்

இல்ல டீச்சர், ஆமை முட்டைக்குக் காவல் காக்கற கேம்ப்பெல்லாம் வேணாம். கடற்கரையில கூடாரம் போட்டு உக்காந்தா விருதா? நல்ல கூத்து! புள்ளைக்கு அந்தச் சேவை விருது கெடைக்க வெளிய தங்கிச் சேவை செய்யணும், அவ்வளவுதானே? அந்தப் படுக்கை நோயாளிங்க இல்லத்தையே பாரத்துல எழுதுங்க.

உங்ககிட்ட வந்து அழுதாளா? அழுவா. வீட்லயும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் திரியறா. ஆமை மேல வர்ற பாசம் மனுஷங்க மேலயும் கொஞ்சம் வரட்டுமே.

என்ன விதி? தங்கற இடத்துல தெரிஞ்சவங்க யாரும் இருக்கக்கூடாதா? அட, அங்க ஒரு ஈ காக்காயக்கூட அவளுக்குத் தெரியாது. தைரியமா எழுதுங்க.

ஆமா, பிடிவாதந்தான். வளத்தவ நானு, நான் சொல்ற இடத்துக்குத்தான் போவா. பெத்தவ செத்துட்டான்னு பள்ளிக்கூடத்துல சேக்கும்போதே சொல்லியிருக்கேனே. எங்க அண்ணிதான். மகராசி!

எழுதிட்டீங்களா? சீல்? அதையும் குத்திடுங்க. ஆங்... இப்பதான் வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு.

புள்ளையப் பெத்தவ எங்க டீச்சர் செத்தா? கைப்புள்ளைய என் மடியில போட்டுட்டு, கடைக்குப் போயிட்டு வர்றேன்னு எவனோடயோ போனா. அந்த அவமானத்துலயே எங்க அண்ணன் குடிச்சுக் குடிச்சுப் போய்ச் சேந்தான். இடுப்புல புள்ளையோட நின்ன என்னய எவன் கட்டுவான்? வந்த வரனெல்லாம் வாசலோட திரும்பிப் போச்சு. கூட்டிட்டுப் போனவன் இப்ப அவளக் கை கழுவிட்டான். வாதம் அடிச்சு அந்த இல்லத்துலதான் கெடக்கா, ஜன்னலோரக் கட்டில்ல. போய்க் கண்ணு குளிரப் பாத்துட்டு வந்தேன்.

ஏன் எந்திரிச்சிட்டீங்க? உக்காருங்க. புள்ளகிட்ட சொல்லப் போறீங்களா? சொல்லுங்களேன். உங்கம்மா சாகலடி, உன்ன வேணாம்னு வீசிட்டுப் போனவன்னு. மனசு வருமா உங்களுக்கு? வராதுல்ல?

ஒண்ணும் ஆகாது டீச்சர். புள்ள ஊட்டி விடட்டும், தொடச்சு விடட்டும், ஆயான்னு கூப்பிடட்டும். புள்ள மூஞ்சி அப்படியே அவளோட அச்சு, பாத்ததும் பெத்தவ தெரிஞ்சுக்குவா. கடைசி நாள் கூட்டிட்டு வர நான் போவேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துலயே நிப்பேன். புள்ள ஓடி வந்து, அம்மான்னு என் கழுத்தக் கட்டிக்கும்.

அவளா? அவ என்னத்தச் சொல்லிடுவா? வாய் மொத்தமா இழுத்துக்கிச்சு. காது மட்டும் நல்லா கேக்குதாம்.