நெற்றியில் வைத்த காசு

கிட்ட வாங்க கண்ணுங்களா. கம்பளியைச் சின்னவளுக்கும் இழுத்துப் போர்த்துங்க. ஒரு கதை சொல்கிறேன். என் தோழி ராயம்மாளின் தங்கை புஷ்பமேரிக்கு நடந்தது...

விளக்கு வைக்கிற நேரம். பாலக்கோட்டு பஸ் அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஏரிக்கரையில் ஆளில்லை. கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் வீடு. முந்தானை முடிச்சில் ஒரு வெள்ளிக்காசு. நெஞ்சில் அதைவிடக் கனம்.

அது செத்துப்போன நாத்தனார் ரோசம்மாளுடையது. காய்ச்சலில் கிடந்த வெளிநாட்டுச் சாமியாருக்கு அவள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அவர் தந்த ஸ்பெயின் தேசத்துக் காசு. அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ராணியை விரட்டிவிட்டு, இனி யார் ஆள்வதென்று தெரியாமல் நாடு தத்தளித்தபோது அடித்ததாம். அதனால் ராணி தலை இல்லை. மலைமேல் சாய்ந்து படுத்த ஒரு பெண்... நீட்டிய கையில் ஒலிவக் கிளை.

"நான் செத்தா இதைத்தான் நெத்திக்காசா வைக்கணும் மேரி. எடுத்துடாதே. என்கூடவே வரட்டும்."

"சரிங்க அண்ணி."

சரி என்றவள்தான்... பெட்டி மூடும் முன் கடைசி முத்தம் கொடுக்கக் குனிந்து, அதை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பதிலாக ஒரு ரூபாய்க் காசை, மெழுகுவர்த்தி மெழுகு தொட்டு நெற்றியில் ஒட்டினாள். மகளுக்குக் கொலுசு செய்யத்தான். யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பாலக்கோட்டில் நகை செய்யும் ஆசாரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படுத்திருக்கிற அம்மாவைப் பார்த்தா உருக்கக் கை வரலீங்க. வேற வெள்ளி கொண்டாங்க."

கல்லறைத் தோட்டம் வந்தது. பின்னால் சரக்... சரக்... புதுச்சேலை உரசும் சத்தம். சாம்பிராணி வாசம். ஈர மண் வாசம். நின்றாள். சத்தமும் நின்றது.

முடிச்சை அவிழ்த்து நிலா வெளிச்சத்தில் காசைப் பார்த்தாள்.

மலை இருந்தது. மலைமேல் யாரும் இல்லை.

ஓடினாள். வாசலில் புருஷன் ஞானராஜ், "இத்தனை நேரம் எங்க போன? பாப்பா தனியா பேசிக்கிட்டே கிடக்குது" என்றார்.

உள்ளே மகள் பாயின் ஓரமாக ஒதுங்கிப் படுத்திருந்தாள்.

"மெல்ல வாம்மா... அத்தை படுத்திருக்காங்க. கையை நீட்டி என்னமோ கேக்குறாங்க."

பாயின் மறுபாதி ஈரம்.

வந்த வழியே திரும்பி ஓடினாள். நகம் பெயரக் கல்லறை மண்ணைத் தோண்டிக் காசைப் புதைத்தாள். "தப்புங்க அண்ணி... என் புள்ளைய வுட்டுருங்க..."

ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்கு வந்தால் மகள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். பாய் காய்ந்திருந்தது. மனசு ஆறி, போர்வையை விலக்கி முத்தம் கொடுக்கக் குனிந்தாள்...

உதட்டில் சில்லென்று பட்டது.

பிள்ளையின் நெற்றியில் ஒரு ரூபாய். அதன் ஓரத்தில் காய்ந்த மெழுகு.

போய்ப் படுங்க கண்ணுங்களா. உங்கள் வீட்டில் கொடுத்த வாக்கு நிலைக்கட்டும். படுத்த பிள்ளைகள் எல்லாரும் விடிந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கட்டும்.