கவிப்பிரியாவின் கை வேர்வை

அவித்த முட்டை எனக்கு ஆகாது. ஆனாலும் கவிப்பிரியா மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, "ஒண்ணு எடுத்துக்கோங்க நடேசண்ணே, அம்மா உங்களுக்குன்னே வச்சிக்கீது" என்று நீட்டும்போது மறுக்க மனம் வரவில்லை. வேப்பம்பட்டிலிருந்து ரயில் கூட்டத்தில் நசுங்காமல் கொண்டுவந்த முட்டை.

கோகுல்நாத் சார், ஒன்று விடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஷீட் போடுவது என் வேலை. நோயாளியின் நெஞ்சில் ஒட்டினால் இதயத் துடிப்பைப் பிடிக்கும் பட்டைக்கான ஷீட். முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய வெள்ளிக் கம்பிகளை ரப்பர்மேல் தெளித்தால், பார்க்கக் கண்ணாடிபோல் இருக்கும், மின்சாரமும் பாயும். இழுத்தால்தான் வம்பு. ஆறு வருடமாக என் ஷீட்டுகள் கொஞ்சம் நீண்டதுமே கம்பி அறுந்து, சோதனை விளக்கு அணைந்துவிடும். அது அந்தப் பொருளின் குணம் என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டு நிம்மதியாக இருந்தோம்.

கவிப்பிரியா சேர்ந்த இரண்டாம் மாதம், ரப்பரை முதலிலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு தெளித்தாள். விட்டதும் ரப்பர் சுருங்கியது. கம்பிகள் அலை அலையாக மடிந்தன. அப்புறம் இழுத்தால் மடிப்புதான் விரிந்தது, கம்பி அறுந்துபோகவில்லை. இரண்டு மடங்கு நீட்டியும் விளக்கு எரிந்தது. நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். உங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

என் கவலையெல்லாம் அவளைப் பற்றித்தான். இருபத்து நாலு வயதில் இத்தனை சுலபமாக வெற்றி கிடைத்தால் யாராயிருந்தாலும் கெட்டுப்போவார்கள்.

மஞ்சள் கருவிலிருந்து வரும் கந்தக ஆவி பட்டால் வெள்ளி கறுக்கும். இத்தனை மெல்லிய கம்பி என்றால் மின்சாரமே பாயாது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் அவள் தந்த முட்டையை எடுத்துவைத்து, மாலையில் அதன் மஞ்சள் கருவை ஒரு மூடியில் இட்டு, அவளுடைய ஷீட்டுகள் இருக்கும் பெட்டிக்குள் வைப்பேன். திங்கட்கிழமை ஆவடியில் முதல் வண்டியைப் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் வந்து எடுத்துவிட்டு ஜன்னலைத் திறப்பேன். உழைப்பில் குறை வைக்கவில்லை.

மூன்று திங்கட்கிழமை அவள் அழுதாள். கைக்குட்டை நான்தான் கொடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். கையுறைக்குள் வேர்த்து மணிக்கட்டு வழியாக உப்பு இறங்கி ஷீட் கெடுகிறது என்று அவளிடமும் சொன்னேன், உங்களிடமும் சொன்னேன். கை சரியாகும்வரை ஷீட்டைத் தொடாதே என்றீர்கள்.

"இதுக்கு ஆபரேஷன் கீதாமேண்ணே?"

"ஆமாம்மா. பயப்படாத. எறும்பு கடிச்ச மாதிரிதான்."

டாக்டரையும் நான்தான் விசாரித்துக் கொடுத்தேன். நெஞ்சோரம் துளையிட்டு ஒரு நரம்பைத் துண்டிப்பார்கள். கை வறண்டுவிடும், உடம்பு அந்த வேர்வையை வேறெங்காவது கொட்டலாம் என்று டாக்டர் எச்சரித்தபோது, அவள் அம்மாவைத் தேற்றியதும் நான்தான். இப்போது அவள் கை காகிதம் மாதிரி இருக்கிறது. முதுகுதான் சொட்டுகிறது. ரயில் ஒரு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் சுடிதார் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. அறுத்த நரம்பை மறுபடி ஒட்ட முடியாதாம்.

அவள் வேலைக்குத் திரும்பியதும் நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தியிருந்தால் வேர்வைதான் காரணம் என்று முடிவாகியிருக்கும். அவள் கைமேல் விழுந்த பழியைத் துடைக்கத்தான் தொடர்ந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் தன் கொலுசுகளில் ஒன்றைக் கழற்றி, பெட்டிக்குள் ஷீட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை இரண்டு கொலுசையும் என் மேஜைமேல் வைத்தாள். ஒன்று பளபளத்தது. மற்றது கரி.

"என் கை வேர்த்துச்சி, சரி. கொலுசுக்கு இன்னாண்ணே ஆச்சி? பொட்டிய மோந்து பாத்தேன். எங்கம்மா அவிச்ச முட்ட."

கத்துவாள் என்று காத்திருந்தேன். அவளோ அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சை ஷீட்டுகளின்மேல் ஏற்றினாள். வெள்ளிக்கிழமை இரண்டு முட்டை கொண்டுவந்தாள்.

"எப்பவும் வைக்கிற மாதிரியே வைங்கண்ணே. ரெண்டையும் வைங்க. இல்லன்னா இப்பவே சாராண்ட போறேன்."

வைத்தேன். மூன்று வாரம் வைத்தேன். ஷீட் கறுக்கவில்லை. நான்காம் வாரம்தான் அவள் உங்கள் அறைக்கு வந்தாள்.

ஆக, ஷீட்டுகளைக் கெடுத்தவன் நான். வேண்டாத ஆபரேஷனுக்கு அவளை அனுப்பியவனும் நான். இதில் எனக்கு ஒளிவு மறைவு இல்லை. ஆனால் பூச்சுக்கான காப்புரிமை விண்ணப்பத்தைப் பார்த்தேன் சார். அவள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நான் கெடுக்காவிட்டால் அந்தப் பூச்சுக்கு அவசியமே வந்திருக்காது. 'கந்தகச் சோதனை: நடேசன்' என்று ஒரு வரி போதும். அது சேரும்வரை இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட என் மனசாட்சி இடம் தராது.