வீட்டில் ஒருவருக்கு மட்டும்

— நாளைக்குப் பத்து மணிக்கு நான் அப்பா ஆபீஸ் சூப்பிரண்டு முன்னாடி நிக்கணும்மா. அக்காகிட்ட சொல்லு, முதல்ல கையெழுத்துப் போடட்டும், அப்புறம் கோவிச்சுக்கட்டும்.

— நான் இங்கதான்டா உக்காந்திருக்கேன். என்கிட்டயே சொல்லு. நடுவுல அம்மா என்ன தபால்காரரா?

— சரி, நேராவே சொல்றேன். போடுக்கா.

— படிச்சுப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். அப்பா சொல்லிக் குடுத்தது.

— அப்பாவா? இத்தனை வருஷம் ஆபீஸுக்கு வந்த தபால்ல ஒண்ணைக்கூடப் படிக்காம சீல் குத்தினவரு அவரு.

— அது அவர் வேலை. குடுடா இங்க. 'பணியில் இருக்கும்போது காலமான ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் பணி வழங்கப்படும். குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் தமக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும்.' காலமான ஊழியர். மூணு மாசத்துல அப்பாவுக்கு வேற பேரே இல்லாமப் போச்சு பாரு.

— அம்மாடி, அழறதுன்னா உள்ள போய் அழுதுட்டு வா. ஒருவருக்கு மட்டும்னுதானே போட்டிருக்கு?

— அழலம்மா. ஆமா, ஒருவருக்கு மட்டும்தான். கீழ கோடு வேற போட்டிருக்காங்க.

— அது இருக்கட்டும். ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும்?

— பத்து மணிக்கும்மா. இருபத்தேழு வருஷம் அவருக்கு டிபன் கட்டிக் குடுத்துட்டு என்னைக் கேக்கற?

— அவர் ஒன்பதடிச்சா செருப்பை மாட்டிடுவாரு. திறக்கறது எப்போன்னு எனக்கு எப்படிடா தெரியும்? சரி, நீங்க பேசுங்க.

— பேச என்னம்மா இருக்கு? எல்லாரும் முடிவு பண்ணினதுதானே. அப்பா போன அன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து வந்தவங்ககூட என் தோள்லதான் தட்டிட்டுப் போனாங்க. 'தைரியமா இரு தம்பி, நம்ம ஆபீஸ் இருக்கு'ன்னாங்க.

— என் தோள்ல யாரும் தட்டல. 'அம்மாவைப் பாத்துக்கோ'ன்னு மட்டும் சொன்னாங்க. ஏன்டா, நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் தபாலுக்கு சீல் குத்தப் போறியா?

— கேளு, நல்லா கேளு. எங்க செட்டுல அறுபது பேர்க்கா. வேலை கிடைச்சது எட்டுப் பேருக்கு. அதுல ஒருத்தன் சேர்ந்தது அவன் மாமா கம்பெனி. ஒருத்தன் பைக்ல பார்சல் குடுக்கறான். போன வாரம் எங்க புரொபசர் வீட்டுக்கே குடுத்திருக்கான். அவரு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு, 'இப்ப எங்க வேலை பாக்கறேப்பா'ன்னு கேட்டாராம்.

— ஐயோ.

— பத்துப் பேர் பரீட்சைக்குப் படிக்கறோம்னு லைப்ரரில உக்காந்து தூங்கறாங்க. மிச்சப் பேர் கிளாஸ் குரூப்ல இன்னமும் குட் மார்னிங் போட்டுட்டு இருக்காங்க. அது ஒண்ணுதான் தினமும் தவறாமப் பண்ற வேலை.

— நீ போன இன்டர்வியூ என்னாச்சு? போன மாசம் சட்டையெல்லாம் தேய்ச்சியே.

— அதுல எதிர்ல ஆளே கிடையாதுக்கா. லேப்டாப் கேள்வி கேக்குது, நான் ஸ்கிரீன்ல என் மூஞ்சியைப் பாத்து பதில் சொல்றேன். முடிஞ்சதும் 'நன்றி'ன்னு வந்துச்சு, அவ்வளவுதான். ஆள் இருந்தா மூஞ்சியைச் சுளிக்கிறதாவது தெரியும்.

— சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விடுவாங்க?

— எங்க, இன்டர்வியூலயாம்மா?

— அப்பா ஆபீஸ்ல.

— அரை மணின்னு பேரு. அப்பா ரெண்டு மணி வரைக்கும் பேசிட்டு இருப்பாராம். நீ ஏம்மா இப்ப சாப்பாட்டைப் பத்திக் கவலைப்படற? நான் கேண்டீன்லயே பாத்துக்கறேன்.

— சும்மாதான் கேட்டேன்.

— தம்பி, இந்தப் பட்டியல்ல சர்டிபிகேட் எல்லாம் கேட்டிருக்கு. இறப்புச் சான்றிதழ் இருக்கு. ரேஷன் கார்டு இருக்கு. உன் டிகிரி எங்க?

— பத்தாவது பாஸ் பண்ணிருந்தா போதும்க்கா. அங்க பாரு, மேலயே போட்டிருக்கு. நான் பன்னெண்டாவது மார்க் ஷீட் வெச்சிருக்கேன்.

— டிகிரியையும் சேர்த்து வெச்சா பின்னாடி பிரமோஷனுக்கு ஆகும். எடுத்துட்டு வா.

— காலேஜ்ல இருக்கு.

— முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் வாங்கலையா?

— வாங்கலாம்க்கா. விடேன்.

— என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. வகுப்புல இந்த மூஞ்சியை நான் தினமும் நாப்பது தடவை பாக்கறேன். எத்தனை பேப்பர்?

— மூணு.

— மூணு அரியரா! ஒரு வருஷமா பட்டதாரின்னு சொல்லிட்டுத் திரியறே! அப்பா போற வரைக்கும் அவர்கிட்டயும் மறைச்சிருக்கியேடா, பாவி.

— அவருக்குத் தெரியும்.

— என்ன?

— அப்பாவுக்கு முதல்லேர்ந்தே தெரியும்க்கா. ஒவ்வொரு தடவை நான் எழுதப் போகும்போதும் லீவு போட்டுட்டு கூட வருவாரு. மூணு மணி நேரமும் காலேஜ் வாசல் டீக்கடையில உக்காந்திருப்பாரு. நான் வெளிய வந்தா எப்படி எழுதினேன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. 'பசிக்குதா'ன்னு மட்டும் கேப்பாரு.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவரு. அம்மா, கேட்டியா உன் வீட்டுக்காரர் பண்ணின வேலையை?

— எனக்குத் தெரியும்டி.

— உனக்குமா!

— மாசம் முழுக்க லீவே போடாத மனுஷன், பரீட்சை அன்னிக்கு மட்டும் ஷேவ் பண்ணிட்டு லீவு போட்டா தெரியாதா? அவர் என்கிட்ட ஒளிச்சு வெச்சது எல்லாமே எனக்குத் தெரியும். தெரியும்னு அவருக்குத்தான் தெரியாது.

— ஆக இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியாது.

— நீ திட்டுவேக்கா. அப்பாவே சொன்னாரு, 'பாஸ் பண்ணினப்புறம் சொல்லிக்கலாம், அவ வாயில நாம ரெண்டு பேரும் விழ வேண்டாம்'னு.

— அவ்வளவு கெட்டவளாடா நான்?

— கெட்டவ இல்ல. டீச்சர்.

— சிரிக்காதே. அடுத்தது எப்போ எழுதணும்?

— நவம்பர். எழுதறதா இல்ல.

— ஏன்?

— அந்த வாசல்ல போய் தனியா நிக்க என்னால முடியாதுக்கா. அந்த டீக்கடை பெஞ்சைப் பாத்துட்டு உள்ள போய் நான் என்ன எழுதுவேன்? இந்த வேலை கிடைச்சா எழுத வேண்டாம்ல. யாரும் கேக்கவும் மாட்டாங்க. அவ்வளவுதான், போதுமா?

— சின்னவா, தண்ணி குடி. மெதுவா.

— அப்பாவோட நாற்காலியில போய் ஒளிஞ்சுக்கப் பாக்கற நீ.

— ஒளிஞ்சுக்கறேன்னே வெச்சுக்கோ. உனக்கென்ன போச்சு? உனக்குத்தான் வேலை இருக்கே, காலேஜ்ல.

— வேலையா? அதுக்குப் பேரு கௌரவ விரிவுரையாளர். கௌரவம் மட்டும்தான் ஒழுங்கா குடுக்கறாங்க. வருஷக் கடைசியில லீவு விட்டா எங்களை நிறுத்திடுவாங்க. திறக்கும்போது மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் இன்டர்வியூ, அதே பிரின்சிபால், 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ம்பாரு. மூணு வருஷமா அவர் எதிர் ரூம்ல இருக்கேன்!

— இதெல்லாம் நீ சொன்னதே இல்லையே.

— என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி இப்ப என் பக்கத்துச் சீட்டு. மேடம் மேடம்னு உயிரை விடறா. ஆனா எனக்கு வாரத்துக்கு எட்டு வகுப்பு, அவளுக்குப் பன்னெண்டு. டிகிரி முடிக்கப் போற பசங்க வந்து, 'மேல என்ன படிச்சா வேலை கிடைக்கும் மேடம்'னு கேக்கறாங்க. என்னைப் போய்க் கேக்கறாங்கடா! நானும் கரும்பலகையில எழுதாத குறையா அரை மணி நேரம் சொல்றேன்.

— அக்கா, உனக்கு இந்த வேலை வேணுமா?

— இந்த மூணு மாசத்துல இப்பதான் அந்தக் கேள்வி வருது. கையெழுத்துப் போடுன்னு எல்லாரும் சொன்னீங்க. வேணுமான்னு யாராவது கேட்டீங்களா?

— உனக்கு எம்.எஸ்சி இருக்கு. இது போய்...

— இது போய்தான்! வருஷா வருஷம் யாரும் நிறுத்தாத வேலை. சாயங்காலம் வந்தா அதைப் பத்தி நினைக்கவே வேண்டாத வேலை. எனக்கு அசதியா இருக்குடா. இருபத்தாறு வயசுல இப்படி அசதியா இருக்கக் கூடாதுன்னு தெரியும். இருக்கு, என்ன பண்ண?

— அந்த சீட்டு எங்க இருக்கு?

— எதும்மா?

— அப்பா சீட்டு. அவர் சாமானை எடுக்க நீதானே போனே, சின்னவா?

— கீழ்த்தளம்மா. படிக்கட்டுக்குப் பக்கத்துல. ஜன்னல் இருக்கு, அதைத் திறந்தா சைக்கிள் ஸ்டாண்டு. பின்னாடி செவுத்துல மர அலமாரி, சின்னச் சின்ன அறையா, ஒவ்வொரு செக்‌ஷனுக்கு ஒண்ணு. இன்னும் அந்த இடம் காலியாதான் கிடக்கு. யார் வந்தாலும் அங்கதான் போடுவேன்னாரு சூப்பிரண்டு.

— அங்க உக்காந்து என்னதான் பண்ணுவாரு?

— வர்ற தபாலைப் பிரிக்கணும்மா. தேதி சீல் வெக்கணும். நோட்டுல நம்பர் போட்டு ஏத்தணும். எந்த செக்‌ஷனுக்கோ அந்த அறையில வெக்கணும்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— இதுக்கா அந்த மனுஷன் தினமும் வந்து மலையைத் தூக்கி வெச்சவராட்டம் கால் நீட்டிப் படுத்தாரு?

— அம்மா! சிரிக்க வெக்காதே. நான் கோவத்துல இருக்கேன்.

— பொம்பளைங்க இருக்காங்களாடா அங்க?

— பாதிக்கு மேல அவங்கதாம்மா. தனி ரூம் இருக்கு, எல்லாம் இருக்கு. அக்காவுக்கு ஒண்ணும் கஷ்டம் இருக்காது. என்ன பாக்கறே, அக்கா? நீயே எடுத்துக்கோ.

— விளையாடாதே.

— விளையாடல. நீ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. பாடம் எடுக்கறதைத் தவிர.

— அப்போ நீ?

— எழுதறேன். நவம்பர்ல. மூணையும். ஆனா அந்த பெஞ்சு காலியா இருக்கக் கூடாது. நீ வந்து உக்காரணும்.

— உக்காருவேன். ஆனா நான் அப்பா மாதிரி இல்ல. எப்படி எழுதினேன்னு கேப்பேன், கேள்வித்தாளை வாங்கி ஒவ்வொண்ணா கேப்பேன்.

— தெரியும். அதுக்குத் தயாராதான் சொல்றேன். சரி, அந்த ஆட்சேபனை இல்லைன்னு எழுதற தாளைக் குடு, நான் முதல்ல போடறேன்.

— நிஜமாவாடா?

— குடுக்கா, மனசு மாறறதுக்குள்ள.

— இரு, முதல்ல விண்ணப்பப் பாரத்தை நிரப்பணும். எங்க அது? அம்மா, நீ கையில வெச்சிருக்கறது அதுதானே? அப்படியே அந்தப் பேனாவையும் குடு.

— பேனா எதுக்கு? எழுதியாச்சு.

— என்னது எழுதியாச்சு?

— காலையில நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே உக்காந்து எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. படிச்சுப் பாரு.

— 'விண்ணப்பதாரரின் பெயர்'... தம்பி, இங்க வா. அம்மா தன் பேரை எழுதியிருக்கா.

— ம்மா, அது உன் பேர் எழுதற இடம் இல்ல. நீ கடைசிப் பக்கத்துல கையெழுத்து மட்டும் போட்டா போதும். வேற பாரம் வாங்க நாளைக்கு ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே போய் நிக்கணும் இப்ப.

— சரியான இடத்துலதான்டா எழுதியிருக்கேன். நாலு பக்கமும் ரெண்டு தடவை படிச்சேன். மனைவியா இருந்தா அம்பது வயசு வரைக்கும் குடுக்கலாம்னு மூணாம் பக்கத்துல போட்டிருக்கு. எனக்கு நாப்பத்தேழு. பத்தாவது சர்டிபிகேட்டை பீரோவுலேர்ந்து எடுத்துப் பின்னாடி குத்தியிருக்கேன். கணக்குல எண்பத்தொண்ணு.

— அம்மா, நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறோம்னு பயந்துட்டியா? அதான் பேசி முடிச்சுட்டோமே. நீ இந்த வயசுல ரெண்டு பஸ் மாறி...

— ஆமாம்மா. அக்காதான் போறான்னு ஆயிடுச்சு. நாங்க வேற வேலை தேடணும், நான் பரீட்சை எழுதணும்னு நினைச்சு நீ சுமையைத் தலையில ஏத்திக்காதே. எங்களுக்காக நீ ஒண்ணும் கஷ்டப்பட வேண்டாம்.

— உங்களுக்காகன்னு யாருடா சொன்னா? எனக்கு வேணும்.