‘வருகிறேன்’ என்று சொன்ன பக்கம்

ஊரையே குருதி கொடுக்கச் சொல்லிவிட்டு, ஊசியைக் கண்டால் தாம் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும் எங்கள் குருதிக்கொடைச் சங்கத் தலைவர் அவர்களே! பணி முடிந்த களைப்போடு வந்திருக்கும் செவிலியர்களே! பிள்ளைகளை மடியில் அள்ளிவந்திருக்கும் தாய்மார்களே! குருதி தந்த கையாலேயே நாற்காலிகளையும் இழுத்துப்போட்ட பெரியோர்களே! அத்தை என்ன பேசிவிடுவாளோ என்று அரண்டுபோய் மேடையில் அமர்ந்திருக்கும் என் அருமை மாப்பிள்ளை அவர்களே! உங்கள் செயலாளரின் வணக்கம்!

இன்றைய கேள்வி ஒன்றே. குருதி கேட்போரையும் கொடுப்போரையும் கூட்டிவைக்கும் நம் இணையப் பக்கத்தை, பிஎச்பி என்னும் நிரல்மொழியில் நான் எழுதி வெகுகாலம் ஆயிற்று. அதை மூடிவிட்டு, மாப்பிள்ளை எழுதியிருக்கும் புதிய பக்கத்துக்கு மாறிவிடலாமா? என் பேச்சு முடிந்ததும் வாக்கெடுப்பு.

கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை என் கணினியை எட்டிப் பார்த்தார். “என்ன அத்தை, இன்னுமா பிஎச்பி? அது எப்பவோ செத்துப்போச்சே!”

“செத்ததுதான் மாப்பிள்ளை, இன்னிக்குக் காலையில ரெண்டு பேருக்கு ரத்தம் வாங்கிக் குடுத்துச்சு” என்றேன்.

பின்வரிசையில் யாரது, ‘அரைப்புள்ளி அக்கா’ என்று கத்துவது? ஆமாம் தம்பி! நிரலில் ஒரு வரியின் முடிவில் ஒரே ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டேன், பக்கமே வெள்ளை வெளேரென்று ஆனது. பட்டப்பெயரும் சூட்டிவிட்டீர்கள். ஆனால் கோப்பைத் திறந்தேன், புள்ளியை வைத்தேன், சேமித்தேன்; நீங்கள் சிரித்து முடிப்பதற்குள் பக்கம் எழுந்து நின்றதா, இல்லையா? அதுதான் ஐயா பிஎச்பி!

மாப்பிள்ளையின் பக்கம் அழகோ அழகு. தொட்டால் மிதக்கும், தடவினால் மினுக்கும். ஆனால் அது அரிசியையும் அடுப்பையும் கைபேசியிடம் கொடுத்து, ‘நீயே பொங்கிக்கொள்’ என்கிறது. என் பக்கமோ சர்வர் என்னும் தூரத்துக் கணினியிலேயே சமைத்து, இலையில் போட்டு அனுப்புகிறது. புதுக் கைபேசிக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய கைபேசி என்ன செய்யும், பாவம்?

சென்ற மாதம் என் மகளுக்கு அறுவைச் சிகிச்சை. நடுப்பகலில் அரங்கின் கதவு திறந்தது. “ஓ நெகட்டிவ் இன்னும் வேணும், சீக்கிரம்!” என்றார் செவிலியர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளை தம் புதிய பக்கத்தில் வேண்டுகோளைப் போட்டார். காத்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்று எதையோ தட்டினார். சற்றைக்கெல்லாம் கைபேசி சிணுங்கியது. ‘வருகிறேன்’ என்று ஒரே ஒரு சொல்!

வந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். குருதி கொடுத்துவிட்டு, கீறல் விழுந்த தம் கைபேசியை நீட்டினார். “மொதல்ல வந்த செய்தியத் தொட்டேன் சார், வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டாவது வந்தது டக்குன்னு தொறந்துச்சு.”

“ரெண்டாவது எது மாப்பிள்ளை?” என்றேன்.

“உங்க பிஎச்பிதான் அத்தை” என்று சொல்லிவிட்டு, குழந்தை போல அழுதார். நானும் அழுதேன். மகள் பிழைத்தாள்.

சிரிக்காதீர்கள்! யார் பக்கம் வென்றது, யார் பக்கம் தோற்றது என்று அவர் ஒரு நொடி யோசித்திருந்தால்? கௌரவம் பார்த்திருந்தால்? பார்க்கவில்லையே! என் மகளை மட்டுமே பார்த்தார். இப்படி ஒரு மாப்பிள்ளை எனக்குக் கிடைத்ததே என் பேறு என்று இந்த மேடையிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

பிஎச்பி இனியும் பயன்படுமா என்கிறீர்கள். மொழிக்கு வயதுண்டு, வளர்ச்சியும் உண்டு. அது வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நான்தான் பழைய பதிப்பிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டேன். உங்கள் தொலைபேசி எண்களுக்கு அந்தப் பதிப்பு காவலாகாது. அதனால் புதிய பதிப்புக்கு மாற்றி, பூட்டுகளைப் பலப்படுத்தும் வேலையை மாப்பிள்ளையே கேட்டு வாங்கிக்கொண்டார். புதியதை வெறுக்க வேண்டாம், பழையதை வீச வேண்டாம்; எது எல்லார் கையிலும் திறக்கிறதோ, அதுவே நம் மொழி!

அட, கைதட்டாதீர்கள்! மெதுவாக! மூன்றாம் வரிசையில், சுவரோரம் சாய்ந்து ஒருவர் தூங்குகிறார் பாருங்கள். அவர்தான் அந்த ஓட்டுநர். நெடுந்தொலைவு வண்டி ஓட்டிவிட்டு, நம் பக்கத்தில் கூட்ட அறிவிப்பைப் பார்த்து, ‘வருகிறேன்’ என்ற பொத்தானைத் தொட்டு, சொன்னபடி வந்துவிட்டார். எழுப்பாதீர்கள். அந்தப் பழைய இணையப் பக்கம் இருக்க வேண்டும் என்பவர்கள், சத்தமில்லாமல் கையை மட்டும் உயர்த்துங்கள்.

மாப்பிள்ளை, நீங்க ரெண்டு கையையும் தூக்கினா ஒரு ஓட்டுதான்!

கேட்ட காதுகளுக்கு நன்றி. உயர்ந்த கைகளுக்கு வணக்கம்.