பங்குனியில வெதச்ச புல்லு

இல்ல சார், நான் சொல்லுதத சொன்னபடியே எழுதிக்கிடுங்க. என்கூட வேலை பாக்குத அந்த ஆன்றோப் பயலுக்கு மண்ணு வேலை ஒண்ணும் தெரியாது. பங்குனி மாசம் போயி எவனாச்சும் புல்லு வெதைப்பானா? அதான் மொளைக்கல. அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போயி மெட்ராஸுல இருந்து பிளைட்டப் புடிச்சு வந்திருக்கிய. புல்லு மொளைக்காததுக்கு ஒரு விசாரணை. எங்க ஊர்ல சொன்னா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பாவ.

எம் பேரா? சங்கரம்மாள். ஆத்தூர்ப் பக்கம், ஆத்துப் பாசனம். பத்து வயசுல நாத்தங்கால்ல எறங்குனவ. இந்த ஹார்பர் கெஸ்ட் ஹவுஸ்ல ஆறு வருஷமா தூத்துப் பெருக்குதேன், செடிக்குத் தண்ணி விடுதேன். எம் பேச்ச வச்சுத்தான் ஆன்றோவுக்கு வேலை உண்டா இல்லையான்னு முடிவு பண்ணப் போறதா சொல்லுதிய. பண்ணுங்க, எனக்கென்ன.

எனக்கு ஒண்ணுதான் சார் வெளங்கல. அருகு, கோரைன்னு இந்தச் சவத்தையெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு புடுங்கி எறிஞ்சே எங்க பாதி ஆயுசு போயிட்டு. நீங்க அதோட வெதையவே பாக்கெட்டுல அடைச்சு, மேல ஒரு வெள்ளக்காரன் நாயோட ஓடுத படத்தப் போட்டு வாங்கியாறிய. அதுல நடக்கக்கூட விட மாட்டிய, சுத்திக் கயிறு கட்டிப் போட்டுருவிய. ஆடு மாடும் திங்கப் போறதில்ல. படிச்சவிய செய்யுதிய, நான் என்னத்தச் சொல்ல.

எப்பதான் வெதைக்கணும்னு கேக்கியளா? இத மொதல்லயே ஒரு ஆளு கேட்டிருக்கணும். இந்த ஹார்பர் மண்ணு பூராவும் உப்பு. ஐப்பசி கார்த்திகையில நாலு நல்ல மழ பேஞ்சாத்தான் உப்பு கீழ எறங்கும். மழ வெறிச்சதும் மார்கழியில வெதைக்கணும். வெயில் காலத்துல அடி உப்பு மேல வந்துரும், வெதை வெந்து போவும். ஆனி ஆடியில வெதச்சா மேக்காத்து அள்ளிக் கொண்டுபோயி கடல்ல போட்டுரும். இது எங்க ஊர்ல ஆடு மேய்க்குதவனுக்குக் கூடத் தெரியும். உங்க மேனேஜர் ஜீவமணி சாருக்குத் தெரியல. சித்திரையில சேர்மன் வாராரு, அதுக்குள்ள முன்னால இருக்க மூணு சென்டும் பச்சையா இருக்கணும்னு ஏசி ரூம்ல உக்காந்து சொல்லுதாரு. நடக்காது சார்னு நான் சொன்னேன். இந்த ஆன்றோ முந்திக்கிட்டு வந்து, வரும் சார், நான் பாத்துக்கிடுதேன்னான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவன் யாரு? புன்னக்காயல்காரன். கடல்ல கெடந்தவன். வலை இழுக்குத வின்ச்சு மெஷினுல மாட்டி வலது கையில ரெண்டு வெரல் போயிட்டு. பொறவு எந்தப் போட்டுலயும் ஏத்தல, இங்கன வந்து சேந்தான். வந்து ஒரு வருஷம் ஆவல. மம்பட்டியவே ஒழுங்காப் புடிக்கத் தெரியாது. எங்கிட்ட வந்து, அக்கா, இந்தப் புல்லுக்குச் சூடுதான் புடிக்குமாம், போன்ல பாத்தேங்கான். போன்ல பாத்து வெவசாயம் பண்ணுத மூதி.

அவன் பண்ணுன கூத்தப் பாக்கணுமே. மண்ணப் பூராவும் சலிச்சான். வெதைய மணலோட கலந்து, கோலப்பொடி போடுத மாதிரி ரெண்டு வெரலால தூவுதான். மேல வைக்கோல பரப்புனான். போர் தண்ணி உப்புன்னு, கேண்டீனுக்கு லாரியில வார நல்ல தண்ணியில இருந்து வாளி வாளியாச் சொமந்தான். அந்தக் கையை வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு அஞ்சு தடவ தெளிச்சான் சார். பெத்தவகூட கைப்புள்ளைக்கு அம்புட்டுத் தடவ எந்திரிக்க மாட்டா. நான் கேண்டீன்ல எல்லாருக்கும் முன்னால நடிச்சுக் காட்டுவேன், அவன் வாளியத் தூக்கிட்டு நடக்குதத. எல்லாரும் சிரிப்பாவ. அவனும் சேந்து சிரிப்பான், கோட்டிக்காரப் பய.

அம்புட்டுத்தான் சார். சேர்மன் வந்தாரு, வெறும் மண்ணப் பாத்தாரு, கத்திட்டுப் போனாரு. எழுதிட்டியள்ல? நான் போவட்டா, பெருக்குத வேலை கெடக்கு.

என்னது? இன்னைக்கே அவன வேலைய விட்டு எடுக்கியளா? ஒரு எச்சரிக்கை அது இதுன்னு குடுத்து விட்டுருவியன்னுல்லா நெனச்சேன். மூணு சென்ட் புல்லுக்கு ஒரு ஆள வீட்டுக்கு அனுப்புவியளா? ரோஸுக்கு இது ஏழாம் மாசம் சார். அவன் பொண்டாட்டி. இதை விட்டா அந்தக் கைக்கு வேற எவன் வேலை குடுப்பான்?

இல்ல, நான் அழல. கொஞ்சம் அந்தத் தண்ணிய இங்கன தாங்க.

எழுதுனத அடிச்சிருங்க சார். புல்லு மொளச்சுது.

ஆமா, பங்குனியிலதான். வெதச்ச பத்தாம் நாளு பெரிய வியாழன். ஈஸ்டருக்கு லீவு போட்டு நாலு நாளு ஊருக்குப் போனான். போவும்போது, தண்ணிய மட்டும் மறந்துராதீங்க அக்கான்னு பத்து தடவ சொன்னான். நான் அரமனசா ரெண்டு தடவ தெளிச்சேன். சனிக்கெழம காலையில சும்மா வைக்கோல நீக்கிப் பாத்தேன். ஊசி ஊசியா, ஒரு எடம் பாக்கியில்லாம மொளச்சு நிக்கி. நாப்பது வருஷம் நாத்துப் பாவுனவ நான். இம்புட்டுச் சீரா ஒரு நாத்தங்கால என் கையால நான் போட்டதில்ல சார்.

வயிறு எரிஞ்சுட்டு. வெரலு இல்லாத ஒரு கடல்காரன், எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் ஒண்ணுமில்லாம ஆக்கிட்டானேன்னு இருந்துச்சு. கெஸ்ட் ஹவுஸ்ல ஆளு யாரும் இல்ல. களைக்கொத்திய எடுத்தேன். மத்தியானத்துக்குள்ள மூணு சென்டயும் செதுக்கி அள்ளி வெளிய கொட்டிட்டு, மட்டம் பண்ணித் தண்ணி தெளிச்சு, வைக்கோல பழையபடி பரப்பி வச்சேன். களை புடுங்குத பழக்கத்துல கை தானாப் போயிட்டுன்னு சொல்லலாம்னு இருந்தேன். நீங்க நம்பியிருப்பிய, உங்களுக்குப் புல்லு எது களை எதுன்னு தெரியவா போவுது. ஆனா அது பொய்யி. தெரிஞ்சேதான் செஞ்சேன்.

அவனுக்குத் தெரியாது சார். திங்கக்கெழம வந்தான். வைக்கோல அங்கன இங்கன தூக்கிப் பாத்தான். குத்தவச்சு உக்காந்து, தூக்குன வைக்கோல பழையபடி பரப்பி வச்சான். பொறவு எந்திரிச்சு எங்கிட்ட வந்து, நீங்க அன்னைக்கே சொன்னிய அக்கா, நாந்தான் கேக்கல, வார மார்கழியில நீங்க சொல்லுத நாள்ல வெதைப்போம்னான்.

நான் சரின்னேன்.