இருபதாம் பக்கத்தில் கொலைகாரன்

முத்துமாரி அக்கா, நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. நீ வாங்கிப் படித்த நாவல்களை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டோம். இன்று புதூர் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்கள் இருவரிடம் அவற்றில் ஒன்று இருந்தது.

"ஏட்டி, முத்துமாரின்னு ஒருத்தி இருபதாம் பக்கத்துலயே, 'டாக்டர்தான் கொன்னுருப்பான், பாப்போம்'னு பென்சில்ல எழுதிருக்கா."

"கதையக் கெடுத்துட்டாளே பாவி!"

"கடைசியில டாக்டரேதாம்ட்டி!"

"யம்மாடி! ரத்தக்காட்டேரி கதையிலயும் அவ எழுத்துதான். 'வெயில் பட்டா சாம்பலாயிருவானாம். கோயில்பட்டிக்கு வந்தா பஸ் ஸ்டாண்டத் தாண்ட மாட்டான்'னு."

"பெரிய படிப்பு படிச்சவளா இருப்பா. இனிமே அவ பென்சில்ல எழுதிவச்ச புத்தகமாப் பாத்து எடுக்கணும்."

நீ எட்டாவதோடு நின்றவள், அக்கா. அவர்களிடம் சொன்னால் அழுதுவிடுவேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதைப் படிக்கிற எல்லாரும் என் அக்காவுக்காக ஒரு தடவை சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.